ஒன்பதாம் வண்டி ஏன் நின்றது

பிப்ரவரி 9, செவ்வாய்

பல் டாக்டரிடம் போக வேண்டிய நாள். போகவில்லை. பதினோரு மணிக்குப் பணிமனையிலிருந்து போன். ஒன்பதாம் வண்டி முழு லோடுடன் மலையேற்றத்தில் நின்றுவிட்டது. நீலப்புகை, இழுவை இல்லை, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஊதுகிறதாம். பின்னால் வந்த பஸ் மயிரிழையில் ஒதுங்கியிருக்கிறது.

ஒன்பதை ஓட்டுவது என் தம்பி.

அறுநூறு குதிரைத்திறன் என்ஜின். பத்து லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டியது இரண்டரை லட்சத்தில் படுத்துவிட்டது. ஐந்து வாரத்தில் இது இரண்டாவது. இப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் கம்பெனி என்னை வைத்திருக்கிறது. பதினான்கு வண்டிகளின் ஆயிலையும் மாதம் ஒருமுறை எடுத்துச் சோதிக்கிறேன், மனிதர்களுக்கு ரத்தப் பரிசோதனை போல. ஒன்பதின் ரிப்போர்ட் போன மாதம்வரை பச்சை. எல்லாம் பச்சை.

பிப்ரவரி 11

என்ஜினைப் பிரித்தார்கள். தலைமை மெக்கானிக்குக்கு இங்கே டாக்டர் என்று பெயர். இரும்புக் கம்பியின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துத்தான் நோய் சொல்வார்.

"கைய உள்ள விட்டுப் பாருங்க மேடம்."

சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து பிளேடு போல் இருந்தன.

"மண்ணு தின்னுருக்கு."

"ரிப்போர்ட்ல மண்ணே இல்லையே."

"அப்ப ரிப்போர்ட்டத்தான் பிரிச்சுப் பாக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். காற்றுக்குழாயில் விரிசல் இல்லை, கிளிப் எதுவும் தளரவில்லை. காற்று வடிகட்டி, அந்தக் காகித ஃபில்டர், இன்று கடையிலிருந்து வந்தது போல வெளுப்பாக இருந்தது.

பிப்ரவரி 12

மண் உள்ளே போயிருக்கிறது. ஆனால் போன வழி இல்லை, போன தடயமும் ஆயிலில் இல்லை. பிறகு எப்படி?

பிப்ரவரி 13

மேனேஜர் கூப்பிட்டார். "ஏத்தத்துல இழுக்கலன்னு ஃபில்டரக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டறவங்கள நான் பாத்திருக்கேன் மேடம். இவனும் அதத்தான் பண்ணிருப்பான். பின்னால பஸ் வந்துச்சு, தெரியுமில்ல? இருபத்திரெண்டாந் தேதி திங்கக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் குடுங்க. அலட்சியம்னா ஆள அனுப்பிடலாம்."

எழுந்தேன். அவர் முடிக்கவில்லை. "உங்க தம்பின்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்டயே குடுக்கறேன்."

இது நம்பிக்கையா, பொறியா? வீடு வரும்வரை யோசித்தேன். தெரியவில்லை.

பிப்ரவரி 14

தம்பி வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். இப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"ஃபில்டரக் கழட்டிட்டு ஓட்டினியா?"

"அதுக்குத்தான் வந்தியா? நீ சாப்பிட வர்றேன்னு நெனச்சு அவ உலை வெச்சிட்டா."

"ஆமாவா, இல்லையா?"

"இல்ல." எழுந்து உள்ளே போய்விட்டான்.

அவன் மனைவி வாசல்வரை வந்தாள். "பெத்த பொண்ணோட பிறந்தநாள் மறந்துடும் அண்ணி அவருக்கு. அந்த வண்டியத் தொடைக்கற கிழமை மட்டும் மறக்காது."

உண்மைதான். அவனைப் போல வண்டியைப் பார்த்துக்கொள்பவன் அங்கே யாரும் இல்லை. நான்தான் சொல்லி அவனை இந்த வேலையில் சேர்த்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் தம்பி என்பது சான்று ஆகாது. பொய் சொல்லும்போதும் அவன் இப்படித்தான் எழுந்து போவான், சின்ன வயதிலிருந்து. உண்மை சொல்லும்போதும் இப்படித்தான்.

பிப்ரவரி 16

ரிப்போர்ட் எழுத இன்னும் ஆறு நாள்.

இன்று நான்காம் வண்டியைச் சோதித்தேன். அதே வயது, அதே பாதை, அதே லோடு. ஓட்டுபவருக்கு ஆமை என்று பட்டப்பெயர். வண்டியைத் துடைத்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியில் யாரோ விரலால் 'குளிப்பாட்டு' என்று எழுதி, அதன்மேலும் தூசி படிந்திருக்கிறது. சிலிண்டர் அழுத்தம் மட்டும் புது என்ஜின் அளவு.

"ஃபில்டர எப்பத் தொட்டீங்க?"

"தொடல மேடம். ஃபில்டர் டப்பா மேல அடைப்பக் காட்டற முள்ளு ஒண்ணு இருக்கு. அது செவப்புக்கு வந்தா மாத்துவேன். அது வரல, நான் என்ன பண்ண?"

"வாராவாரம் சுத்தம் பண்ணணும்னு சுற்றறிக்கை போட்டிருக்கே."

"படிச்சேன் மேடம். பாதியில தூங்கிட்டேன்."

அழுக்கு வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது. சுத்தமான வண்டி செத்துவிட்டது. தலை சுற்றுகிறது.

பிப்ரவரி 17

ஒன்பதின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். மண், இரும்புத் துகள், இரண்டை மட்டும்தான் இதுவரை பார்த்துவந்தேன். இன்று ஆயிலின் காரத்தன்மையைப் பார்த்தேன். ஓட ஓட அது குறைய வேண்டும். ஒன்பதில் குறையவே இல்லை. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் நேற்று ஊற்றியது போல இருக்கிறது. என் வயதில் ஒருத்தி இருபது வயதுக்காரியின் ரத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவது போல.

இரண்டு வருடமாக இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18

வண்டி கழுவும் இடத்தில் காலையிலிருந்து ஒரு மூலையில் நின்றேன். நான் அங்கே போவதில்லை. பேச்சு நின்றுவிடும் என்பதால். இன்றும் நின்றது. பிறகு மறந்துவிட்டார்கள்.

ஃபில்டரைக் கழற்றுகிறார்கள், டயரில் தட்டுகிறார்கள், டயருக்குக் காற்றடிக்கும் குழாயை நுழைத்து முழு வேகத்தில் ஊதுகிறார்கள். புழுதி பறக்கிறது. வெளுப்பாக வந்ததும் திருப்தியாக மாட்டுகிறார்கள்.

ஒன்பதின் ஃபில்டரை ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப் போய், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை உள்ளே வைத்தேன். காகித மடிப்புகளில், காற்றின் வேகத்தில் கிழிந்த ஊசித்துளைகள். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். நான்காம் வண்டியின் கறுத்த ஃபில்டரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

ஃபில்டரில் படியும் தூசியே அடுத்த தூசியைத் தடுக்கும். இது எனக்குத் தெரியும். கல்லூரியில் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தச் சுற்றறிக்கையை எழுதியதும் நான்தான். 'சுத்தம் செய்யவும்' என்று போட்டேன். எப்படி என்று போடவில்லை. யாரிடம் இருப்பது எந்தக் குழாய் என்று பார்க்கவில்லை. யார் அதை ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தானோ அவன் என்ஜின்தான் முதலில் போகும். ஐந்து வாரத்துக்கு முன் போனதும் அப்படிப்பட்ட ஒருவரின் வண்டிதான்.

பிப்ரவரி 19

மண் போன வழி தெரிந்துவிட்டது. அது ஆயிலில் ஏன் தெரியவில்லை? தம்பியை ஆபீஸுக்கு வரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி ஆயில என்ன பண்ணுவே?"

கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு சொன்னான். குறைந்தால் ஊற்றிக்கொள்ளக் கம்பெனி தரும் ஆயிலைச் சேர்த்துவைப்பானாம். சாம்பிள் தேதிக்கு முந்தைய நாள் பாதி ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை நிரப்புவானாம்.

"ஏன்டா?"

"ரிப்போர்ட்டு உன் கையெழுத்துல நோட்டீஸ் போர்டுக்கு வருது. மேடத்தோட தம்பி வண்டியே செவப்புன்னு நாலு பேர் பேசக் கூடாதுன்னுதான். நான் ஆரம்பிச்சேன், அப்புறம் மத்தவங்களும் பண்றாங்க. எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, அவன் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஃபில்டரை மட்டும் எழுதினால் போதும். தவறு என்னுடையது, அவன் தப்பித்துவிடுவான். ஆயிலை மாற்றியதை எழுதினால் வேலை போகும்.

எழுதாவிட்டால்? இதுவரை வந்த பச்சை எல்லாம் பச்சைதான் என்று நம்புவார்கள். எந்த வண்டி உள்ளே அரைபட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. அடுத்தது ஏற்றத்தில் நிற்குமா, இறக்கத்திலா? இறக்கத்தில் பாதி பிரேக் என்ஜின்தான். அந்தப் பஸ்ஸில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சாம்பிள் தேதியை முன்கூட்டி ஒட்டியது நான், ரிப்போர்ட்டைப் பலகையில் போட்டது நான் — அவனுக்கு மட்டும் ஏன் தண்டனை? எனக்காகச் செய்தானே. எனக்காகவா? நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஆனால் பச்சை வந்தபோது சந்தோஷப்பட்டேனே. ஏன் இவ்வளவு பச்சை என்று ஒரு நாள்கூடக் கேட்கலையே. எல்லாத்தையும் சந்தேகப்படறவ, இத மட்டும் ஏன் விட்டேன்?

பிப்ரவரி 22

இரண்டையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் முதலில் என் சுற்றறிக்கை, பிறகு என் சாம்பிள் முறை, அதன்பின் அவன்.

மேனேஜர் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். "இது இல்லாமலே போதுமே மேடம்."

"போதாது சார்."

மார்ச் 5

ஓடாத ஒன்பதாம் வண்டி நீங்கலாக மற்ற பதின்மூன்று வண்டிகளிலும் சொல்லாமல் கொள்ளாமல் சாம்பிள் எடுத்தோம். நான்கு சிவப்பு. பதினோராம் வண்டியை லோடு ஏற்றும் முன் நிறுத்திப் பிரித்தார்கள். கோடுகள் இப்போதுதான் விழ ஆரம்பித்திருக்கின்றன. ரிங் மாற்றினால் போதும். டாக்டர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "இது எனக்குக் காதுல கேக்கல மேடம்" என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். தம்பிக்கு வேலை இல்லை.

மார்ச் 19

தம்பி போன் எடுக்கவில்லை. அவன் மனைவி எடுத்து, "வெளிய போயிருக்கார் அண்ணி" என்றாள். பின்னால் அவன் இருமுவது கேட்டது.

ஏப்ரல் 2

நான் செய்தது சரியா? கணக்குப் போட்டால் சரி. மறுபடி போட்டாலும் சரி. பிறகு ஏன் மறுபடி மறுபடி போடுகிறேன்?

ஏப்ரல் 17

காலையில் தம்பியின் போன். அவன் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நலமா என்று கேட்கவில்லை. தண்ணீர் லாரி ஓட்டச் சேர்ந்திருக்கிறான், இன்று மூன்றாவது நாள்.

"இங்க ஃபில்டருக்கு தினமும் காத்தடிக்கணுமாம். ஓனர் நிக்கறாரு. அவருக்கு என்ன சொல்லணும்?"

முள்ளைப் பற்றிச் சொன்னேன். டார்ச் வைத்துப் பார்ப்பதைச் சொன்னேன். திறக்கும் ஒவ்வொரு முறையும் தூசி உள்ளே விழும் என்பதையும் சொன்னேன். வேகமாகச் சொல்லிவிட்டேன் போல.

"இரு, மெதுவா சொல்லு. எழுதிக்கறேன்."

முதலிலிருந்து சொன்னேன்.