அளவு சரி, ஆனாலும் தட்டுகிறது

மார்ச் 4, ஞாயிறு

எஞ்சினில் வால்வுகளைத் திறக்கிற எட்டு டேப்பெட்டுக்கும் இடைவெளி வைத்து முடித்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் பன்னிரண்டு பங்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளக்கிற தகட்டை உள்ளே விட்டு இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். தாராளமாக வந்தால் இடைவெளி அதிகம், வராவிட்டால் குறைவு. முப்பத்து நாலு வருடம் கடை கடையாக ஏறித் தராசும் படிக்கல்லும் சோதித்தவன் நான். அளவு விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது, வால்வு உட்பட.

வண்டி மாமனாருடைய பழைய கார். என்னைவிட இரண்டு வயது மூத்தது. அவர் போன பிறகு பதினோரு வருடம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஓய்வு பெற்ற மறுவாரமே நான் தார்ப்பாயை விலக்கினேன். கார்புரேட்டர், பிளக், தண்ணீர்ப் பம்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி மாட்டியதில், ஆறு மாதம் கழித்துப் போன மாதம்தான் உயிர் வந்தது. ஜூன் 29 மனைவிக்கு நூலகத்தில் கடைசி வேலை நாள். அன்று இந்த வண்டியோடு நூலக வாசலில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் வேலைக்கு அவள் அப்பா அவளை இதில்தான் கொண்டுபோய் விட்டாராம்.

சாயங்காலம் ஓடவிட்டுப் பார்த்தேன். பட்டு மாதிரி ஓடுகிறது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். ஏதோ சொன்னாள். உள்ளே போய்விட்டாள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள்.

மார்ச் 7, புதன்

நூலக வேலை இவள் குரலைத் தின்றுவிட்டது. அத்தனை வருடம் 'உஷ்' சொல்லிச் சொல்லி, இப்போது அடுக்களையிலிருந்து பேசினால் வெறும் காற்றுதான் வருகிறது. ஆனால் கொட்டகையில் எஞ்சின் ஓடும்போது பேசினால் ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. ஆக, என் காதில் ஒன்றும் இல்லை. மனசு வைத்தால் அவளால் உரக்கப் பேச முடிகிறது, அவ்வளவுதான்.

இதை அவளிடமே விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு இன்னும் குறைந்துவிட்டது.

மார்ச் 10, சனி

காலையில் மகள் வாசலில் நிற்கிறாள், கையில் கூடை, கூடைக்குள் பூனை. ஊருக்குப் போகிறாளாம், மூன்று மாதம் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். யாரைக் கேட்டு என்றேன். "உங்களைக் கேட்டுத்தாம்ப்பா. வியாழக்கிழமை போன்ல 'சரி சரி, கொண்டு வா'ன்னு சொன்னீங்களே" என்கிறாள். அன்றைக்கு லைன் சரியில்லை. லைன் சரியில்லாதபோது 'சரி சரி' என்பதுதானே மரியாதை.

பூனை சூடு ஆறாத பானெட்டைக் கண்டுபிடித்துவிட்டது. இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 11, ஞாயிறு

பக்கத்து வீட்டு பியானோ டீச்சர் மதில் ஓரம் வந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வண்டி நாலுக்கு ஒண்ணு தட்டுது. ஒரே சீரா. பிள்ளைங்க அதுக்குத் தாளம் போட ஆரம்பிச்சிட்டாங்க." நான் எஞ்சினின் மேல் மூடியான ராக்கர் கவரைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே எட்டையும் மறுபடி அளந்து காட்டினேன். எட்டும் சரி. அளவு சரியாக இருக்கும்போது எப்படித் தட்டும் என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் தட்டுகிறது என்றார்.

பாவம், நாள் முழுக்கப் பிள்ளைகள் பியானோவை அடிப்பதைக் கேட்டால் யாருக்குத்தான் காது கெடாது.

மார்ச் 18, ஞாயிறு

இருக்கைகளைத் துடைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அவள் முன் இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பூனை மடியில். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாட்டா, பூனையோடு பேச்சா தெரியவில்லை. நான் கதவருகே போனதும் நிறுத்திவிட்டாள்.

மார்ச் 21, புதன்

இப்போது வீட்டில் புது ஏற்பாடு. நூலகத்தில் கழித்துப்போட்ட பழைய அட்டவணை அட்டைகளைக் கொண்டுவந்து, சொல்ல வேண்டியதை அதில் எழுதி வைத்துவிடுகிறாள். 'பால் தீர்ந்தது.' 'குழாய் ரிப்பேர்காரர் நாளை.' அழகான கையெழுத்து. உண்மையில் இது நல்ல முறைதான், குழப்பமே இல்லை.

ஆனாலும் வீடு ஒரு மாதிரி இருக்கிறது.

மார்ச் 31, சனி

ராக்கர் கவர் மேல் ஒரு அட்டை. 'இது தட்டுகிறது. அப்பா வண்டி தட்டாது. நாலாம் தேதியே சொன்னேன்.'

கோபம் வந்துவிட்டது. நேரே உள்ளே போய், அளவு தெரியாதவர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டு என்னைப் பைத்தியமாக்குகிறீர்களா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சொன்னாளோ என்னவோ.

ஏப்ரல் 1, ஞாயிறு

எழுத உட்கார்ந்து வெகு நேரமாகிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் எஞ்சினை ஓடவிட்டு நின்றேன். அவள் வந்தாள். கருவிப் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "அப்பா இப்படித்தான் பாப்பார்" என்று சத்தமாகச் சொல்லி, அதன் முனையை ராக்கர் கவர் மேல் வைத்தாள். என் தலையைப் பிடித்துக் குனியவைத்து, மரப்பிடியை என் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினாள்.

கேட்டது. எஞ்சின் மொத்தமும் மண்டைக்குள் வந்துவிட்டது. முனையை நகர்த்தினாள். முதல் சிலிண்டர் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதில் டக், டக், டக், டக். யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுகிற மாதிரி. அவ்வளவு பெரிய சத்தம்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். ஒன்றுமில்லை. பட்டு மாதிரி ஓடியது.

மறுபடி வைத்தாள். டக், டக். எடுத்தாள். பட்டு.

நாலைந்து தடவை அப்படிச் செய்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஜெயித்த முகம் வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். பூனை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

பூனை, போன், பியானோ டீச்சர், அட்டை... ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? கடைக்காரன் தராசை ஆயிரம் தடவை சந்தேகப்பட்டவனுக்குத் தன் காதை ஒரு தடவை சந்தேகப்படத் தோணலையா? தோணியிருக்கும். பயம். வேறென்ன.

ஏப்ரல் 2, திங்கள்

எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று விரல் காட்டினாள். மாதமா என்றேன். வருடம்.

ஏப்ரல் 10, செவ்வாய்

காது டாக்டர். மகள் வயதுதான் இருக்கும். ஓர் இசைக்கவையை முழங்கையில் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தார். சின்ன முனகல். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கணீரென்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி ஸ்க்ரூ டிரைவரில் செய்ததை இவர் கருவி வைத்துச் செய்கிறார் என்றேன். உங்கள் மனைவி டாக்டரா என்று கேட்டார். நூலகர் என்றேன்.

விஷயம் இதுதான். காதுக்குள் மூன்று குட்டி எலும்பு. சத்தம் ஒன்றை அசைக்க, அது அடுத்ததை அசைக்க, கடைசி எலும்பு உள்காதைத் தட்டுகிறது. என் கடைசி எலும்பு இறுகிப்போய்விட்டது. இரண்டு காதிலும். "உள்காது நல்லா இருக்கு. வழியிலதான் பிடிச்சிக்கிட்டிருக்கு. சத்தம் நடுவுலயே நின்னுடுது" என்றார். எஞ்சினில் கம்பி தள்ள, ராக்கர் சாய, வால்வு திறக்கிற கதைதான் இது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இரைச்சலான இடத்தில் எனக்கு நன்றாகக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறதாம். எஞ்சின் இரைச்சல் என் காதுக்குள் பாதிதான் வருகிறது. அந்த இரைச்சலைத் தாண்டுவதற்காக எல்லோரும் கத்துகிறார்கள். எனக்கு லாபம். ஆக, அவள் மனசு வைத்துப் பேசவில்லை, தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஆபரேஷன் செய்யலாம், முதலில் காதுக் கருவி போட்டுப் பார்க்கலாம் என்றார்.

இதையெல்லாம் வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குச் சொன்னேன். என் குரல் எனக்குள் பெரிதாகக் கேட்பதால் நான்தான் மூன்று வருடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம். அதையும் டாக்டர்தான் சொன்னார். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள்.

ஏப்ரல் 16, திங்கள்

இனி வண்டியின் வியாதி. அளவு சரி, ஆனாலும் தட்டுகிறது. எப்படி?

மூன்றாம் சிலிண்டரின் ராக்கரைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அதைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நீங்க அளந்தது சரிதான் சார். ஆனா இங்க பாருங்க, வால்வு உக்கார்ற இடத்துல பள்ளம் விழுந்திருக்கு. உங்க தகடு பள்ளத்துக்கு மேல பாலம் போட்டுட்டு நிக்குது. பள்ளத்தை அது அளக்கவே இல்ல." நகத்தால் தடவிப் பார்த்தேன். இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குழி.

முப்பத்து நாலு வருட அனுபவம் அந்தக் குழியில் விழுந்தது. தேய்த்துச் சமமாக்கித் தந்தார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 21, சனி

ராக்கரை மாட்டி, இடைவெளி வைத்து, ஓடவிட்டேன். பட்டு மாதிரி ஓடுகிறது. ஆனால் எனக்குத்தான் முன்பும் பட்டு மாதிரி ஓடியதே. ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்டேன், தட்டவில்லை. பியானோ டீச்சர் மதில் ஓரம் வந்து கட்டைவிரலை உயர்த்தினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கென்ன சார், பிள்ளைகளுக்குத்தான் தாளம் போய்விட்டது என்றார்.

நானே, சும்மா நின்று, கேட்க வேண்டும். அதுவரை இது முடிந்த வேலை இல்லை.

மே 5, சனி

கருவி போட்டாகிவிட்டது. காதுக்குப் பின்னால் முந்திரிப் பருப்பு அளவு.

ஐயோ, இந்த வீடு எவ்வளவு பேசுகிறது. குளிர்சாதனப் பெட்டி முனகுகிறது. என் செருப்பு சரக் சரக் என்கிறது, இதோடா நடந்துகொண்டிருந்தேன்? செய்தித்தாளைத் திருப்பினால் தகரக் கூரை மேல் மழை. பூனை சதா உறுமிக்கொண்டே இருக்கிறது, உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோனேன். அது சந்தோஷமாக இருக்கிறதாம்.

மத்தியானம் நான் கூடத்தில், அவள் அடுக்களையில். பழைய பழக்கத்தில் தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். "கத்தரிக்கோலை எங்க கொண்டுபோய் வெச்சானோ இந்த மகராசன்." நேரில் 'என்னங்க', முதுகுக்குப் பின்னால் 'மகராசன்'. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ரெண்டாவது டிராயரில் இருக்கிறது என்றேன். அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அதுவும் கேட்டது.

மே 6, ஞாயிறு

எஞ்சினை ஓடவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் நின்று கேட்டேன்.

பட்டா அது? கோணிச் சாக்கு. பெல்ட் கிறீச்சிடுகிறது, புகைக்குழாய் இணைப்பு சீறுகிறது, முன் பக்கம் ஏதோ ஒரு தகரம் ஆடுகிறது. ஆனால் மூன்றாவதில் தட்டல் இல்லை. அரை மணி நேரம் நின்றும் வரவில்லை. மற்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு இத்தனை சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 14, வியாழன்

ஆபரேஷன் ஆகஸ்டில், முதலில் வலது காது. பயமாகத்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று இந்த முறை அவளிடம் சொல்லிவிட்டேன். பெல்ட் மாற்றினேன், புகைக்குழாய் இணைப்பை இறுக்கினேன். தகரம் நின்றுவிட்டது. மகள் வந்து பூனையைக் கூட்டிப்போனாள். பானெட் வெறிச்சென்று இருக்கிறது.

ஜூன் 29, வெள்ளி

மாலை ஐந்து மணிக்கு நூலக வாசலில் நின்றேன், எஞ்சினை நிறுத்தாமல். உள்ளேயிருந்த அத்தனை பேரும் ஜன்னலில் வந்து நின்றார்கள். அவள் ஒரு பூங்கொத்தும், மிச்சமிருந்த அட்டைக் கட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வண்டிக்கு முன்னால் வந்து, அன்றைக்கு மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டாள். கண் கலங்கியது. "அப்பா வண்டிதான்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கிளம்பினோம். முதல் வளைவு தாண்டியதும் கேட்டேன். மார்ச் மாதம் இதே இருக்கையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாயே, பாட்டா, பூனையிடம் பேச்சா?

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்ககிட்டதான் பேசிட்டிருந்தேன். இங்க உக்காந்தா நீங்க பக்கத்துல ஓட்டிட்டு வர்ற மாதிரி இருக்கும். அன்னன்னிக்கு நடந்ததையெல்லாம் சொல்லிடுவேன்."

கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தேன். பிறகு, சொல், முதலிலிருந்து சொல் என்றேன்.

"மூணு வருஷக் கதைங்க."

வீட்டுக்குத் திரும்புகிற தெருவைத் தாண்டி நேரே போனேன். சொல்ல ஆரம்பித்தாள்.

நூலகத்திலிருந்து வீடு பத்து நிமிடம். இன்று இரண்டு மணி நேரம் ஆயிற்று.