மூன்று தப்படியும் ஒரு சாணும்

தங்கச்சி,

முந்தாநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போக என் பேத்தி போனில் ஆட்டோ கூப்பிட்டாள். ஆட்டோக்காரர் பின்தெருவில் போய் நின்றுகொண்டு, எங்கம்மா இருக்கீங்க என்கிறார். நாகல் நகரில் முப்பது வருஷமாக இருக்கிற வீடு. பேத்தி போனைத் திருப்பிக் காட்டினாள். நாங்கள் நிற்கிற இடம் என்று ஒரு நீலப் புள்ளி. அது அடுத்த வீட்டு மொட்டை மாடியில் நின்றது.

“ஐப்பசியில்ல அப்பத்தா, அப்படித்தான் இருக்கும்” என்றாள் சிரித்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். நத்தம் ரோட்டுக் காட்டைப் பிரித்தபோது, கயிறு பிடித்தது நாம் இருவரும்தான். உன் பங்குக் கிணற்று மேட்டு மூலையில் நீ ஒரு நுனியோடு நின்றாய். சிவப்புத் துணி முடிந்த மறு நுனியோடு நான் நின்ற இடத்தில் கல்லை ஊன்றினார்கள். அன்று நீ கட்டியிருந்த சேலைகூட எனக்கு மறக்கவில்லை. கத்தரிப்பூ நிறம். மாமியார் உனக்கு எடுத்துக் கொடுத்தது. எனக்கு எடுக்கவில்லை.

பிறகு என் மகன் போன் வாங்கினான். ஓர் ஆடி மாதம் அந்தக் கல்லின்மேல் போனை வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டான். மறுவருஷம் பங்குனியில், மதியச் சோறு தின்ற கையோடு போய்ப் பார்த்தால், குறித்த இடம் உன் காட்டுக்குள்ளே மூன்று தப்படி தள்ளி நிற்கிறது. அப்படியானால் கல் எங்கள் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது. கல்லுக்குக் காலா இருக்கிறது? நகர்த்தியது நீதான் என்று பம்புசெட்டுக்கு முன்னால் நான் கத்தினேன். மிளகாய் பறிக்க வந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

நீ கத்தவில்லை. “கயித்த எடுத்தாங்கக்கா. ஒரு நுனிய நீங்க புடிங்க, ஒரு நுனிய நான் புடிக்கிறேன். தெரிஞ்சு போகும்” என்றாய்.

“ஒங்கூடக் கயிறு புடிக்க எனக்கென்ன தலையெழுத்தா?” என்றேன். மிஷினை விடவா கயிறு என்றும் சொன்னேன்.

அதன்பின் நாலு வருஷம் உன்னோடு பேசவில்லை. ஞாயிற்றுப் பூசைக்குக் கோயிலில் நீ இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம். நீ போன அன்று கல்லறை கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் போடவில்லை.

இப்போது பேத்தி சொல்கிறாள். போன் இப்படி இடம் தப்புவதைப் பற்றித்தான் அவள் படிப்பே. காலேஜ் மாடியில் ஒரு கருவி வைத்து மாதா மாதம் கணக்கு எடுக்கிறார்கள். பூமியைச் சுற்றி, காற்றுக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத மின்துகள் மூடியிருக்கிறதாம். மேலே சுற்றுகிற சாட்டிலைட்டில் இருந்து போனுக்கு வருகிற சங்கதி அதற்குள் நுழைந்துதான் வர வேண்டும். துகள் அடர்த்தியானால் சங்கதி பிந்தும், இடம் தப்பும். நம் தலைக்கு மேலே பங்குனியிலும் ஐப்பசியிலும் அடர்த்தி கூடும், ஆனி ஆடியில் குறையும், அதுவும் மதியத்துக்கு மேல் ரொம்பக் கூடும் என்றாள்.

ஆடியில் குறித்ததும் பங்குனி மதியத்தில் பார்த்ததும் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. அப்படியானால் வெயிலுக்குத்தான் கூடுகிறதா என்று கேட்டேன். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே. இல்லையாம். வெயில் கொளுத்துகிற மாதம் வேறு, இது கூடுகிற மாதம் வேறு. சரி, உலகம் பூராவும் இப்படித்தானே என்றேன். அதுவும் இல்லையாம். தென் அமெரிக்கா பக்கம் மார்கழியில் ஏகத்துக்கு இருக்கும், ஆனியில் பாதிகூடத் தேறாது. நமக்கு மேலே அந்த இரண்டு மாதத்துக்கும் அம்புட்டு வித்தியாசம் கிடையாது. பூமிக்குள் இருக்கிற காந்தம் சாய்ந்து, நடுவை விட்டு விலகிக் கிடக்கிறதாம். துகள் அந்தக் காந்தத்துக்குக் கட்டுப்பட்டது. அதனால் மாதத்துக்கு மாதம் மட்டும் இல்லை, ஊருக்கு ஊரும் மாறும்.

ஒரே சூரியன், ஒரே பூமி. அதிலும் ஓரவஞ்சனை. நம் மாமியார் மீன் குழம்பு ஊற்றுகிற மாதிரி இருக்கிறது. நடுத்துண்டு எப்போதும் உனக்குத்தான் விழும்.

“அப்ப உங்க சின்ன அப்பத்தா கல்ல நகட்டலையா?” என்று நேராகவே கேட்டேன்.

“அத நான் எப்படிச் சொல்ல அப்பத்தா? வானமும் காரணமா இருக்கலாம். தென்னை மறைச்சாலும் போன் தப்பாக் காட்டும். அத வச்சு ஆளத் திருடின்னு சொல்லக்கூடாது. அம்புட்டுத்தான்.”

இத்தனை படித்தவள், ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாள். நான் ஐந்தாம் வகுப்பு. எதை நம்புவது?

நேற்றுக் காலை பரணில் இருந்த அந்த நார்க்கயிற்றை எடுத்துக்கொண்டு பேத்தியோடு காட்டுக்குப் போனேன். சிவப்புத் துணி வெளுத்துப்போயிருந்தது, முடிச்சு மட்டும் இறுக்கமாக இருந்தது. கிணற்று மூலையில் அவளை நிறுத்தினேன், நீ நின்ற இடத்தில். நான் கல்லுக்கு வந்து இழுத்துப் பிடித்தேன்.

மூன்று தப்படி இல்லை. ஒரு தப்படிகூட இல்லை. முடிச்சு கல்லுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

அந்த ஒரு சாண் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பரணில் ஒழுகின மழையில் நனைந்து காய்ந்த பழைய கயிறு சுருங்கியிருக்கலாம். என் கைக்கு இழுக்க வலு இல்லாமல் இருக்கலாம். கல்லை நட்டவர்களே கொஞ்சம் தள்ளி நட்டிருக்கலாம். இல்லை, நீ நகர்த்தினாயா? ஆனால் நகர்த்துகிறவள் போயும் போயும் ஒரு சாணா நகர்த்துவாள்? ஊர் பார்க்க, கயிற்றைக் கொண்டு வா என்றா கூப்பிடுவாள்? கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். பேத்தி, தலைவலிக்குதா அப்பத்தா என்று கேட்டாள்.

மூன்று தப்படிக் கோபத்தை விட்டுவிட்டேன், தங்கச்சி. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கிறேன். ஒரு சாண் கோபத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதுவும் போய்விட்டால் உன்னை நினைக்கிறபோது எனக்குக் கை வெறுமையாக இருக்கும்.

முடிச்சுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்து ஒரு பிடி மண் அள்ளி முந்தானையில் முடிந்து வந்திருக்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அன்று போடாததைப் போட வேண்டும். அது என் மண்ணா உன் மண்ணா என்றுதான் தெரியவில்லை.