கூடையில் விட்டுவைக்கும் முட்டை

கிளம்புமுன் கொளஞ்சி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் புருஷன் அய்யப்பனுக்கு எழுதினாள்.

"களமருதூர்ல அண்ணன் வூட்டுக்குப் போறேன். சோறு ஆக்கிட்டேன், கொழம்ப சுட வச்சிக்க. என் சாவிய ஆணியில மாட்டிட்டேன்.

முட்ட போடாத கோழிய அறுத்துடலாம்னு நேத்து கத்தினியே, வேணாம்யா. அதுக்கு சீக்கு இல்ல, வயசும் ஆவல. எறகு கொட்டல, அடைக்கும் ஒக்காரல. கூடையில எப்பவும் ஒரு முட்டைய விட்டு வைக்கணும், அதப் பாத்துதான் கோழி அங்கியே வந்து போடும்னு எத்தினி வாட்டி சொன்னேன்? நீ அதையும் எடுத்து தோசக்கல்லுல ஊத்திட்ட. இப்ப அது வேற எங்கியோ போய்ப் போட்டுக்கினு இருக்கு."

தாளைத் தண்ணீர்ச் செம்பின் கீழ் வைத்துவிட்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்தாள். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த ஒரே மகள் சுபஸ்ரீயை, இவளை ஒரு வார்த்தை கேட்காமல், போன வாரம் மில் வேலைக்கு பஸ் ஏற்றிவிட்டிருந்தான் அய்யப்பன். தாளில் இடமே இல்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"சுபாவையும் அனுப்பிட்ட. நான் எதப் பாத்துய்யா இந்த வூட்டுக்குத் திரும்பி வரது?"