நம் சமையலறையின் சத்தம்

அன்புள்ள டோரீன்,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். இங்கே அலாஸ்காவில் சால்மன் மீனைத் தின்று தின்று உடம்பில் செதில் முளைக்காததுதான் பாக்கி.

நாலாம் வகுப்புக்கு ஒரு பழைய நாவல் நடத்துகிறேன், ஆற்றோர மாவு ஆலையில் வளரும் அண்ணன் தங்கை கதை. கதைக்களம் என்றால் அந்த இடம் கண்ணில் தெரிய வேண்டும், காதில் கேட்க வேண்டும் என்று முழங்கிவிட்டு, உதாரணத்துக்கு அயோவாவில் இருக்கும் நம் சமையலறையைச் சொல்ல ஆரம்பித்தேன். வினை அங்கேதான்.

“ஜன்னல் திரை என்ன கலர் சார்?” என்றாள் அகஃபியா.

“நீலம்... இல்ல, பச்சை.”

“சரி, அங்க என்ன சத்தம் கேக்கும்?”

எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் நீ என்னைத் திட்டும் சத்தம்தான். அதை எப்படிச் சொல்வது? கரும்பலகையைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

“சார், நெசமாவே அந்த வீட்லதான் இருந்தீங்களா? இல்ல, வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்களா?” என்றான் இன்னொகென்டி. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்த்தேன். குழாய் சொட்டுமா, கடிகாரம் அடிக்குமா, ஒன்றுமே கேட்கவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. திரையின் நிறத்தை எழுது. தபால் விமானம் இரைகிறது, ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது நீ பேசக்கூட வேண்டாம். போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நீ பாட்டுக்குக் காபி போடு, பாத்திரம் கழுவு. பாடத்துக்காகத்தான் கேட்கிறேன். பாத்திரம் கழுவி முடித்தாலும் உடனே போனைத் துண்டித்துவிடாதே.

உன் வெண்டெல்