பதினான்காம் எண்

ஜூலை 6, ஞாயிறு
காலையிலிருந்து மழை. செம்பூர் முழுக்க கரண்ட் போவதும் வருவதுமாக. மாலை என் டிவி நின்று நின்று ஓடியது. பின்னறையில் தம்பி மனைவி கல்பனாவின் ஆன்லைன் ட்யூஷன் மட்டும் தடங்கலின்றி. காரணம் புரிந்தது. ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தருகிறது; அணைந்து எழுந்தால் யாருக்கு எந்த எண் என்பதை மறந்துவிடுகிறது. அவள் லேப்டாப்புக்கென்று நான் வேகத்தைக் குறைத்து வைத்திருந்த 14, இப்போது என் டிவிக்கு.

ஜூலை 7
பல்வலி. கிராம்பு வாங்க வேண்டும்.
அவளும் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணா, ரூட்டர ஒரு வாட்டி பந்த் பண்ணி சாலு பண்ணுங்கோ. உடனே சரியாயிடறது." அணைத்துப் போட்டாலே போதுமாம். சிரிப்பு வேறு.
வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கு மாதிரி வகுப்பு எடுக்கிறாளாம், இணையத்தில். தேறினால் நிரந்தர வேலை. பின்னறையில் ஃபோன் சிக்னல் கிடையாது. என் ரூட்டர்தான் கதி.
நான் அம்பர்நாத்தில் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தபோது, பின்னால் பால்கனியோடு இருந்த என் அறை தம்பி சேகருக்குப் போயிருந்தது. "நீ திரும்பி வருவேன்னு யாருக்குடா தெரியும்?" என்றார் அப்பா.

ஜூலை 8
சேகரிடம் லேப்டாப்பின் மேக் அட்ரஸ், அதாவது அதன் மாறாத அடையாளக் குறி, கேட்டேன். ஓடிப்போய் எழுதி வந்தான். "எங்களுக்காக இவ்வளவு மெனக்கெடறயேண்ணா." இனி அவரவருக்கு அவரவர் எண். டிவி 5. லேப்டாப் 14. அணைத்துப் போட்டேன். மாறவில்லை.

ஜூலை 10
சுவர் வழியே: "மேம், ஆவாஸ் ஆ ரஹீ ஹை? ஹலோ?" குரல் போய்ச் சேரவில்லை போல. பிறகு ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. "பந்த் பண்ணி சாலு பண்ணுங்கோண்ணா, சீக்கிரம்." அவள் கண்ணெதிரே செய்தேன். சற்று நேரத்தில் அவள் கேட்காமலே இன்னொரு முறையும். 14, 14ஆகவே வந்தது.
பல் தேவலை.

ஜூலை 12
வேலை இல்லை என்று பதில் வந்துவிட்டதாம். கல்பனா சமைக்கவில்லை. இரண்டு இட்லி, வெளியிலிருந்து.
சேகர் வந்து உட்கார்ந்தான். "கெடச்சிருந்தா அவ ஸ்கூல் பக்கமா தாணேக்கே போயிருப்போம். பால்கனி ரூம அண்ணாவுக்கே விட்டுடலாம்னு அவதான் சொன்னா."
இட்லிப் பொட்டலத்தைச் சுருட்டினேன். அவனே தொடர்ந்தான்.
"சரி, ஜானே தோ, போகட்டும். இனிமே இங்கதானே. என் ஃபோனுக்கும் மாறாத நம்பரா ஒண்ணு போட்டுக் குடுத்துடேன்."
போட்டேன். 15.