விழ வேண்டாம் என்று வைத்த வெள்ளி வீடு

மரக்காணம்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் வினோதினிக்கு அப்பா எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, இரண்டு ஆடு எல்லாரும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கே ஜெர்மனியில் நீயும் உன் சாட்டிலைட்டும் சுகமா. போனில் உன் அம்மாவே பேசி முடித்துவிடுகிறாள், எனக்கு எங்கே கொடுக்கிறாள், அதனால்தான் கடிதம்.

கோடை மழை கொஞ்சம் கெடுத்தது, மற்றபடி உப்பு நன்றாகத்தான் விளைகிறது. மேலே காற்று எவ்வளவு அடர்த்தி என்று பார்க்க சாட்டிலைட்டைச் சுற்ற விட்டிருக்கிறோம், காற்று உரச உரச அது கீழே இறங்கும், இறங்குகிற வேகத்தை வைத்துக் கணக்குப் போடுவோம் என்று நீ சொன்னது எனக்குப் புரிந்தது. உப்புப் பாத்தியில் தண்ணீர் வற்றி அடர்த்தியாக ஆக நடக்கிற காலை இழுக்கும், அதே கதைதான். உன் அம்மா காதில் விழுந்தது, கடைசியில் எரிஞ்சு விழுந்துடும் என்று நீ சொன்னது மட்டும். அய்யோ எம் பொண்ணு வேலை போச்சே என்று, அது விழாமல் இருக்க அன்றே மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். எதற்காக நேர்ந்தோமோ அதன் உருவத்தைக் கோயிலில் வைக்க வேண்டுமாம். கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் கண், கால், படகு, வீடு எல்லாம் இருக்கிறது, சாட்டிலைட் இல்லை. நீ அனுப்பிய சாட்டிலைட் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். பொட்டி மாதிரிதானே இருக்குது, வீட்டையே வச்சிடுங்க என்று கடைக்காரம்மா சொல்ல, வீட்டை வைத்துவிட்டு வந்தாள். இப்போது நாம் மாடி கட்டப் போகிறோமா என்று ஊரே விசாரிக்கிறது. உன் அத்தை ஜெயா பாத்தி வரைக்கும் வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

இதில் சங்கடம் என்னவென்றால், அது விழுந்தால்தான் வேலை முடியும், அப்புறம்தான் ஊருக்கு வருவேன் என்று, அவள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் நீ போனில் என்னிடம் சொன்னாய். உன்னைக் கண்ணால் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. இவளோ தினமும் முட்டி போட்டு, விழக்கூடாது என்று செபம் சொல்கிறாள். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் வினோ. ஆனால் விஷயம் தெரிந்தால் இன்றைக்கே விழட்டும் என்று கேட்டுவிடுவாள், உன் கணக்கு பாதியில் நின்றுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று தாங்காமல் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா கையிலிருந்த மீனைக் கழுவி முடித்தாள். பிறகு, அவ கணக்கு முடியற வரைக்கும் நிக்கட்டும், அதுக்கு மேல ஒரு நாள் கூட நிக்க வேணாம்னு மாதாகிட்ட சொல்லிடறேன் என்றாள். அப்படியானால் அந்த வீட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எதுக்கு எடுக்கணும், எம் பொண்ணு வந்து இறங்க வீடு வேணாமா என்றாள்.

வேலை நல்லபடியாக முடிய எங்கள் ஆசீர்வாதம். குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. அது விழுந்ததும் நேரம் காலம் பார்க்காமல் போன் செய். நாங்கள் சந்தோஷப்பட்டால் தப்பாக நினைக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
அந்தோணிசாமி