ட்ரெய்லரைக் கழட்டிய அன்று நான் கேட்ட பாதி வார்த்தை

என் மச்சான் ஏகாம்பரத்துக்கு,

வருகிற ஐப்பசியோடு நீ போய் ஒரு வருஷம். நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்கணும், நாலு வரி எழுதிக் கொடுங்க என்று உன் தம்பி என்னிடம் சொல்லியிருக்கிறான். எட்டு வருஷம் உன்னோடு ஒரே ட்ரெய்லர் லாரியில் ஓடியவன் நான், என் தங்கச்சியைக் கட்டியவன் நீ, அதனால் நான்தான் எழுத வேண்டுமாம். பேனாவை எடுத்தால் நாலு வரி நிற்க மாட்டேன் என்கிறது. வருவதை எல்லாம் எழுதிவிடுகிறேன். இதையே அச்சடிக்கட்டும். கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் யமுனா ஏழாவது போகிறாள். உன் உயரம் வந்துவிடுவாள் போலிருக்கிறது. என் தங்கச்சி மல்லிகா அனந்தபுரத்தில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தினம் பஸ்ஸில் போய் வருகிறாள். ஆனால் உன் போட்டோவுக்கு அவள் பூ வைக்கவில்லை, மச்சான். காரியம் முடிந்த மறு வாரமே சுவரிலிருந்து எடுத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

ஏம்மா இப்படி என்று ஒரு தரம் கேட்டேன். "வண்டிக்குக் கீழ நின்னுக்கினு வண்டிய எடுக்கச் சொன்ன மனுஷன்ணா அவரு. எங்க ரெண்டு பேர் நெனப்பும் இருந்திருந்தா அப்படிச் சொல்லியிருப்பாரா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கோபத்தை அவள் மனசில் வைத்தவன் நான்தானே?

அந்த நாளை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

அரிசி லோடோடு திண்டிவனம் ரோட்டில் மில்லுக்குப் பின்னாலிருக்கிற காலி மனைக்கு மத்தியானம் வந்து சேர்ந்தோம். பின்னால் இருக்கிற ட்ரெய்லரை மட்டும் அங்கே கழட்டி நிறுத்திவிட்டு, இழுக்கிற முன்வண்டியை எடுத்துக்கொண்டு அவலூர்பேட்டைக்கு அடுத்த லோடுக்குப் போகணும். ரெண்டு நாள் மழையில் தரை ஊறிக் கிடந்தது. நீ இறங்கியதும், "ரங்கா, ட்ரெய்லர் காலுக்கு அடியில பலகை போடணும், மண்ணு வாங்கும்" என்று சொன்னாய். பலகை வண்டிக்கு மேலே கட்டியிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஏறி அவிழ்க்கச் சோம்பல் எனக்கு. "அதெல்லாம் தாங்கும், எறக்கு" என்றேன்.

நீ கைப்பிடியைச் சுற்றி ட்ரெய்லரைத் தாங்குகிற ரெண்டு இரும்புக் காலையும் தரையில் இறக்கினாய். காற்றுக் குழாயையும் கரண்ட் ஒயரையும் பிடுங்கினாய். முன்வண்டியோடு பூட்டியிருந்த கொக்கியை இழுத்து விட்டாய். முன்வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, ட்ரெய்லர் இன்னும் அதன் தட்டின் மேல் பாதி உட்கார்ந்திருக்கும்போதே நிறுத்தணும். இறங்கிப் போய்க் கால் தாங்குகிறதா என்று பார்க்கணும். அதற்கப்புறம்தான் முழுசாக வெளியே எடுக்கணும். எட்டு வருஷமும் அப்படித்தான் செய்தோம். அன்றைக்கு மட்டும் நான் நிறுத்தவில்லை.

உன் குரல் கேட்டது. நான் க்ளட்சை விட்டேன். ஒரே இழுப்பில் வெளியே எடுத்தேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், நீ நின்ற பக்கத்துக் கால் மண்ணில் இறங்கி, ட்ரெய்லர் உன் மேல் சாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என் மடியில் தலை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். திட்டியிருக்கக் கூடாதா, மச்சான்? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொண்டே போய்விட்டாய்.

என்ன நடந்தது என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். "அவருதான் போலாம்னு கொரல் குடுத்தாரு" என்றேன். வீட்டில் கேட்டார்கள். அதையே சொன்னேன். பிறகு ஊரே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பாவம், தானே சொல்லித் தானே மாட்டிக்கொண்டான் என்று டீக்கடையில் பேசுவார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம் நான் பெரிய வண்டி ஏறவில்லை. மினி லாரியில் தக்காளி, வெங்காயம் என்று சந்தை லோடு அடிக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை.  உன் குரலை எத்தனை தரம் திரும்பத் திரும்ப மனசுக்குள் கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியுமா?

போன செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மல்லிகா என்னைத் தேடிக்கொண்டு அந்த மனைக்கே வந்து நின்றாள். நம்மைப் போலவே ட்ரெய்லர் ஓட்டுகிற ரபீக் பாய் தன் வண்டியை அங்கே கழட்ட வந்திருந்தார். கூட மாட ஒத்தாசைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டிருந்தார், நான் ஓரமாக நின்றிருந்தேன்.

"யமுனா கேக்குறாண்ணா, நைனா எப்படி செத்தாருன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. நீ கழட்டிக் காட்டு. நான் பாத்துட்டுப் போயி சொல்றேன்" என்றாள்.

"என்னால முடியாதும்மா."

"அவரால முடிஞ்சது இல்ல? நீயும் செய்."

பாய் என் தோளைத் தொட்டு, "தங்கச்சி கேக்குது ரங்கா. தரை காஞ்சிருக்குது. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். ரெண்டு காலுக்கு அடியிலும் பலகை போட்டுக் காலை இறக்கினேன். குழாய், ஒயர் எல்லாம் பிடுங்கினேன். கொக்கியை இழுத்தால் வரவில்லை. பாய் வண்டியை ஒரு முழம் பின்னால் தள்ளிக் கொடுத்ததும் இறுக்கம் தளர்ந்து கையோடு வந்தது. ஒவ்வொன்றையும் எதற்குச் செய்கிறோம் என்று மல்லிகாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பலகையைக் காட்டி, "அன்னிக்கு இது போட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதையே அவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அப்புறம் பாய் இறங்கிக்கொள்ள, நான் ஏறி உட்கார்ந்தேன். நீ நின்ற பக்கத்தில், வண்டிக்கு எட்டாத தூரமாகப் பார்த்து அவளைப் பாய் நிற்க வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நகர்த்தக் கூடாது என்று பேச்சு. அவள் அங்கிருந்து ஏதோ கத்தினாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் இன்ஜினை அணைத்தேன்.

"நான் இன்னா சொன்னேன்?"

"போ... போன்னு கேட்டுது."

"போலாம்னு சொன்னேனா, போவாதன்னு சொன்னேனா?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை, மச்சான். 

"அன்னிக்கும் அவ்ளோதான கேட்டுது?" என்றாள்.

நான் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டேன். ஆமாம் என்றேன். போ என்பது மட்டும்தான் காதில் விழுந்தது, மிச்சம் மழையிலும் இன்ஜினிலும் போய்விட்டது, பயத்தில் நானே அதைப் போலாம் என்று ஆக்கிக்கொண்டேன் என்று சொன்னேன். பலகை கேட்டது நீ, வேண்டாம் என்றது நான், நடுவில் நிறுத்தாதது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மல்லிகா என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். பிறகு சொன்னாள்: "பைக்குல ஏறுனா, பஸ்ஸு கெளம்புனா, எதுக்கும் அவரு 'வுடு'ன்னுதான் சொல்லுவாரு. பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணவ நானு. போலாம்னு ஒரு நாள் சொன்னதில்ல. எனக்கே இது நேத்துதான் தோணுச்சு. பத்து மாசமா அந்த மனுஷனப் போயி திட்டிக்கினு இருந்துட்டேனே!"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். உன் சாவுக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. அப்படியென்றால் நீ போவாத என்றுதான் கத்தியிருக்கிறாய். நான் எடுத்துவிட்டேன். எட்டு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா?

பக்கத்தில் போனேன். "தொடாத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாயி வண்டிய பாதியில வுடாத. முடி" என்றாள்.

ஏறினேன். ஒரு முழம் நகர்த்தினேன், நிறுத்தினேன். இறங்கிப் போய் ரெண்டு காலையும் குனிந்து பார்த்தேன். பலகை அசையவில்லை. மறுபடி ஏறி மெதுவாக வெளியே எடுத்தேன். ட்ரெய்லர் தன் காலில் நின்றது. ஒரு வம்பும் இல்லை. நிறுத்தி, இறங்கி, பார்த்துவிட்டு ஏற ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? அந்த ரெண்டு நிமிஷத்தை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லையே, மச்சான்!

திரும்பிப் பார்த்தேன். மல்லிகா ஆட்டோ ஏறிப் போயிருந்தாள். வரேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடட்டும். பாய் வீட்டம்மா மல்லிகாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். உன் போட்டோ சுவருக்கு வந்துவிட்டதாம், கனகாம்பரம் வைத்திருக்கிறாளாம். அதைக் கேட்டு அழுதேன். ரெண்டு தரம் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. அவளுக்கு நீ திரும்பக் கிடைத்துவிட்டாய். அவளுக்கு அண்ணன் போய்விட்டான். இதுதான் நியாயம். ஆனாலும் தாங்க முடியவில்லை.

யமுனாவிடம் மல்லிகா இன்னும் சொல்லவில்லையாம். "அத அவ மாமன் வாயாலயே சொல்லட்டும்" என்றாளாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போவேன். கதவு திறக்கிற வரைக்கும் வாசலில் நிற்பேன். உன் மகள் எதிரில் உட்கார்ந்து, உங்க நைனா போவாதன்னுதான் சொன்னாரு, மாமாதான் கேக்கலன்னு சொல்வேன். அவள் எத்தனை கேள்வி கேட்டாலும் எழுந்து போக மாட்டேன். என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலும், அவளுக்கு என்ன தேவையோ அதைத் தூரத்தில் இருந்து செய்துகொண்டிருப்பேன். உன்னிடம் இதற்குமேல் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

உன் பெண்சாதியின் கூடப் பிறந்தவன்,
உன் யமுனாவுக்குத் தாய்மாமன்,
ரங்கநாதன்